வரிவரவும் முன்பணமும்: அமெரிக்கக் குடியானவர் பெற்ற சர்க்கார் உதவித்தொகையின் கணக்கு

பண்ணைக் கணக்கு எழுதுவோர் முதலில் அறிய வேண்டுவது, கைக்கு வந்த தொகை எல்லாம் ஆதாயம் அன்று என்பதே. கடனாக வந்த பணமும் பெட்டியில்தான் சேருகிறது. விதைக்கென்று பெற்ற முன்பணமும் அதே பெட்டியில்தான் சேருகிறது. எது நமக்கே உரியது, எது பிறகு நேர்செய்ய வேண்டியது, இன்னும் நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பன கணக்குத் தீர்க்கும் நாளிலே விளங்கும். இவ்வுண்மையை நன்கு விளக்கும் சம்பவம் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020, 2021 ஆகிய இரு வருஷங்களில் நிகழ்ந்தது. அந்நாட்டுச் சர்க்கார் தொற்றுநோய்க் காலத்தில் ஜனங்களுக்கு மூன்று முறை ரொக்கம் வழங்கிற்று. அந்த ரொக்கத்தின் கணக்கு வருமான வரிப் பத்திரத்தில் தீர்க்கப்பட்டது. அதன் தன்மையை அறிந்தோர் தமக்குரியதை முழுதும் பெற்றனர். அறியாதோரிற் பலர் இழந்தனர்.

நம் கிராமக் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் அந்நாட்டில் உத்தியோகத்தில் அமர்ந்திருப்பதாலும், கணக்கு முறை எந்நாட்டிலும் ஒன்றே ஆதலாலும், இவ்விஷயத்தைச் சிறிது விரிவாக எடுத்துரைப்பது பயன் தரும்.

1. கழிவும் வரவும்

வருமான வரியில் சலுகைகள் இரு வகைப்படும். ஒன்று கழிவு, மற்றொன்று வரவு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

கழிவு என்பது வரி விதிக்கப்படும் வருமானத்தைக் குறைப்பது. நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வரி கட்டும் ஒருவர் 1,000 டாலர் கழிவு பெற்றால், அவருக்கு மிஞ்சுவது 120 டாலர் மட்டுமே. வரவு என்பதோ வரியிலிருந்தே நேராகத் தள்ளப்படுவது. 1,000 டாலர் வரவு பெற்றவருக்கு வரியில் முழுமையாக 1,000 டாலர் குறைகிறது.

வரவிலும் இரு வகை உண்டு. முதல் வகை, வரி உள்ள அளவுக்கு மட்டும் செல்லும். வரி தீர்ந்தபின் எஞ்சிய வரவு வீணாகும். இரண்டாம் வகை, வரி தீர்ந்தபின் எஞ்சியதை ரொக்கமாகத் திருப்பித் தருவது. ஒருவர் கட்ட வேண்டிய வரி 400 டாலர், அவருடைய வரவு 1,000 டாலர் என்று கொள்வோம். இரண்டாம் வகையாயின் அவர் வரி ஏதும் கட்ட வேண்டியதில்லை. 600 டாலர் அவர் கைக்கு வரும். வரியே இல்லாத ஏழைக்கு 1,000 டாலரும் ரொக்கமாக வரும். இக்கட்டுரையிற் கூறப்படும் உதவித்தொகை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இவ்வொரு குறிப்பை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

2. முன் நிகழ்ந்தவை

வியாபாரம் மந்தமுறும் காலங்களில் வரியின் மூலம் ஜனங்கள் கையில் பணம் சேர்க்கும் முறை அந்நாட்டுக்குப் புதிதன்று. 2008-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நிறைவேறிய சட்டத்தின்படி, தனி நபருக்கு 600 டாலர் வரையிலும், தம்பதிகளுக்கு 1,200 டாலர் வரையிலும், குழந்தை ஒன்றுக்கு 300 டாலரும் வழங்கப்பட்டன. இதற்கு 2007-ஆம் வருஷத்துப் பத்திரம் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. அதில் குறைவாகப் பெற்றவர் 2008-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் பாக்கியைக் கேட்டுப் பெற வழி இருந்தது.

2009, 2010 ஆகிய வருஷங்களில் முறை மாறிற்று. உழைத்துச் சம்பாதிப்போருக்குத் தனி நபர் ஒருவருக்கு 400 டாலரும், தம்பதிகளுக்கு 800 டாலரும் உச்ச அளவாக வரவு தரப்பட்டது. சம்பளக்காரருக்கு இது மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்ததன் மூலம் சிறுகச் சிறுக வந்து சேர்ந்தது. சொந்த நிலத்தைத் தாமே உழும் குடியானவருக்கோ, சம்பளம் தரும் முதலாளி இல்லை, பிடித்தமும் இல்லை. ஆகவே அவர் பத்திரத்துடன் 'எம்' என்னும் அட்டவணையை எழுதி இணைத்தே அவ்வரவைப் பெற வேண்டியிருந்தது. சம்பளக்காரருக்குத் தானாக வந்தது, குடியானவருக்குக் கேட்டால் மட்டுமே வந்தது என்பது கவனிக்கற்பாலது.

3. மூன்று தவணைகள்

கொரோனாத் தொற்று பரவிய காலத்தில் வழங்கப்பட்ட மூன்று தவணைகளின் விவரம் வருமாறு:

முதல் தவணை: 2020 மார்ச்சு 27-இல் கையொப்பமான சட்டப்படி, வயது வந்தோர் ஒருவருக்கு 1,200 டாலர், 17 வயது நிரம்பாத பிள்ளை ஒன்றுக்கு 500 டாலர்.

இரண்டாம் தவணை: 2020 டிசம்பர் இறுதியில் இயற்றிய சட்டப்படி, வயது வந்தோர் ஒருவருக்கு 600 டாலர், 17 வயது நிரம்பாத பிள்ளை ஒன்றுக்கு 600 டாலர்.

மூன்றாம் தவணை: 2021 மார்ச்சு 11-இல் கையொப்பமான சட்டப்படி, ஒருவருக்கு 1,400 டாலர், குடும்பத் தலைவரைச் சார்ந்து வாழ்வோர் எவ்வயதினராயினும் அவர் ஒவ்வொருவருக்கும் 1,400 டாலர்.

முதல் இரு தவணைகளில், கல்லூரியில் படிக்கும் மகனுக்கும், பிள்ளைகளைச் சார்ந்து வாழும் வயோதிகத் தாய் தந்தையருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் தவணையில் அவர்களும் சேர்க்கப்பட்டனர்.

முழுத் தொகை பெறுவதற்கு வருமான வரம்பு இருந்தது. தனி நபருக்கு 75,000 டாலர். குடும்பத்தைத் தனியே தாங்குபவருக்கு 112,500 டாலர். சேர்ந்து பத்திரம் தரும் தம்பதிகளுக்கு 150,000 டாலர். முதல் இரு தவணைகளில் வரம்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 டாலர் வீதம் உதவி குறைந்தது. மூன்றாம் தவணையில் குறைவு மிக விரைவானது: தனி நபருக்கு 80,000 டாலரிலும், குடும்பத்தைத் தனியே தாங்குபவருக்கு 120,000 டாலரிலும், தம்பதிகளுக்கு 160,000 டாலரிலும் உதவி முற்றிலும் நின்றுவிட்டது.

இங்கே முக்கியமானது யாதெனில், சட்டத்தின் நோக்கில் இத்தொகைகள் முன்பணமே. முதல் இரண்டும் 2020-ஆம் வருஷத்து வரிவரவுக்கு முன்பணம். மூன்றாவது 2021-ஆம் வருஷத்து வரிவரவுக்கு முன்பணம். பணத்தை உடனே அனுப்ப வேண்டியிருந்ததால், வருவாய் இலாகாவினர் தம் கையிலிருந்த பழைய பத்திரத்தைப் பார்த்தே அனுப்பினர். உண்மையான உரிமை அந்தந்த வருஷத்துக் கணக்கைப் பொறுத்தது. அனுப்பியதற்கும் உரியதற்கும் உள்ள வித்தியாசத்தை 1040 எண் படிவத்தின் 30-ஆம் வரியில் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இதற்கு மீட்சித் தள்ளுபடி வரவு என்று பெயர்.

4. குடியானவரின் வருமானம் எது?

வருமான வரம்பு என்றவுடன் விளைச்சலை விற்று வந்த மொத்தத் தொகையைக் கருதுதல் தவறு. அமெரிக்கக் குடியானவர் 'எப்' என்னும் அட்டவணையில் விற்பனை வரவை ஒரு புறமும், விதை, உரம், தீவனம், எண்ணெய், கூலி, கடன் வட்டி, இயந்திரத் தேய்மானம் முதலிய செலவுகளை மறுபுறமும் எழுதுகிறார். மிஞ்சும் நிகர லாபமே அவர் வருமானத்திற் சேரும். நஷ்டமாயின் பிற வருமானத்தைக் குறைக்கும். ஆகவே, மூன்று லட்சம் டாலருக்குத் தானியம் விற்ற ஒருவரும், செலவு போக மிஞ்சியது ஐம்பதினாயிரமே ஆனால், வரம்புக்கு உட்பட்டவரே.

செலவுச் சீட்டுகளை வைத்திராத குடியானவர் இங்கே இரு முறை நஷ்டமடைகிறார். செலவைக் காட்ட இயலாமையால் வரி கூடுகிறது. வருமானம் மிகையாகத் தோன்றுவதால் உதவித்தொகையும் குறைகிறது.

பயிர்த்தொழிலில் வருமானம் ஆண்டுதோறும் ஏறி இறங்குவது இயல்பு. எனவே பழைய பத்திரத்தைக் கொண்டு அனுப்பிய முன்பணம் குடியானவருக்குப் பொருந்தாமற் போவதற்கு ஏது அதிகம்.

5. ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். கணவன், மனைவி, 8 வயதுப் பெண், 14 வயதுப் பையன், 19 வயதில் கல்லூரியிற் படிக்கும் மூத்த மகன் ஆக ஐவர். 2019-இல் விலை நன்றாயிருந்து வருமானம் 178,000 டாலர். 2020-இல் விலை வீழ்ந்து வருமானம் 60,000 டாலர்.

முதல் தவணையில் முழு உரிமை: தம்பதிகளுக்கு 2,400, இளைய பிள்ளைகள் இருவருக்கு 1,000, ஆக 3,400 டாலர். மூத்த மகனுக்கு இல்லை. ஆனால் இலாகாவினர் பார்த்தது 2019-ஆம் வருஷத்துப் பத்திரம். வரம்புக்கு மேற்பட்டது 28,000. அதில் நூற்றுக்கு ஐந்து 1,400. ஆகவே அனுப்பியது 2,000 டாலர்.

இரண்டாம் தவணையில் முழு உரிமை: நால்வருக்கு 600 வீதம் 2,400 டாலர். மேற்படி 1,400 குறைந்து வந்தது 1,000 டாலர்.

ஆக, கைக்கு வந்தது 3,000 டாலர். 2020-ஆம் வருஷத்து உண்மை வருமானப்படி உரியது 5,800 டாலர். 30-ஆம் வரியில் எழுத வேண்டியது 2,800 டாலர். மற்ற எல்லா வரவுகளும் போக அவர் கட்ட வேண்டிய வரி 2,000 டாலர் ஆயின், அவ்வரி முழுதும் தீர்ந்து 800 டாலர் ரொக்கமாகத் திரும்பி வரும். அந்த வரியை வெறுமையாக விட்டவரோ 2,000 டாலரைக் கட்டியிருப்பார். 800 டாலரும் கிடைத்திராது.

மூன்றாம் தவணையில் ஐவருக்கும் 1,400 வீதம் 7,000 டாலர் உரியது. இலாகாவினரிடம் 2019-ஆம் வருஷத்துப் பத்திரம் மட்டும் இருந்திருந்தால், வருமானம் 160,000-க்கு மேற்பட்டதென்று ஒரு டாலரும் அனுப்பியிரார். 2020-ஆம் வருஷத்துப் பத்திரம் பரிசீலனையானதும், குறைந்ததை மேலும் அனுப்பும் ஏற்பாடு அவ்வருஷம் இருந்தது. வருமானத்தில் மூன்றில் இரு பங்கு பயிர்த்தொழிலால் பெறும் குடியானவர்கள், இடைக்கால வரித் தவணைகள் கட்டாமல், மார்ச்சு முதல் தேதிக்குள் பத்திரம் தந்து வரியையும் தீர்க்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. இவ்வழக்கப்படி முன்னதாகவே பத்திரம் தந்தோர்க்குப் புதிய கணக்கு காலத்தில் உதவிற்று.

இதற்கு மாறாக, 2019-இல் வருமானம் குறைந்து 2020-இல் அதிகமானவர் உரியதற்கு மேல் முன்பணம் பெற்றிருக்கலாம். அவர் மிகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பது இச்சட்டத்தின் தனிச் சலுகை. ஆயினும் எல்லா முன்பணத்துக்கும் இது பொருந்தாது. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் அனுப்பிய குழந்தை வரிவரவு முன்பணத்தில் மிகுதியாகப் பெற்றவர், குறைந்த வருமானத்தோருக்குரிய சலுகை போக, திருப்பிக் கட்ட நேர்ந்தது. ஆகையால் ஒவ்வொரு தொகைக்கும் அதற்குரிய விதியை அறிதல் வேண்டும்.

6. வருமானம் ஆவதும் ஆகாததும்

அந்த வருஷங்களில் அமெரிக்கக் குடியானவர் வீட்டிற்குச் சர்க்காரிடமிருந்து பல வழிகளிற் பணம் வந்தது. எல்லாம் ஒரே பாங்கிக் கணக்கிற் சேர்ந்தமையால் குழப்பம் விளைந்தது. அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

மேற்கூறிய மூன்று தவணை உதவித்தொகை வருமானம் அன்று. அதற்கு வரி இல்லை. அதனை 'எப்' அட்டவணையிற் சேர்த்தலும் கூடாது.

விளைபொருள் விலை வீழ்ச்சிக்காக விவசாய இலாகா 2020-இல் இரு கட்டமாக வழங்கிய கொரோனா உணவு உதவித் திட்டத் தொகையோ வருமானமே ஆகும். அது விளைச்சலின் விலைக்கு ஈடாக வந்தது. ஆதலின் 'எப்' அட்டவணையிற் காட்டி வரி கட்ட வேண்டும்.

கூலி கொடுப்பதற்கெனச் சிறுதொழில் நிர்வாகத்தின் பொறுப்பில் பாங்கிகள் வழங்கிய கடனில், சர்க்கார் தள்ளிக் கொடுத்த பகுதி வருமானம் ஆகாது என்று சட்டம் விதித்தது. அக்கடனைக் கொண்டு செய்த கூலிச் செலவையும் செலவாகக் காட்டலாம் என்று 2020 டிசம்பர்ச் சட்டம் தெளிவாக்கிற்று.

வேலையிழந்தோர் பெற்ற உதவி வேறு கணக்கு. அது வருமானத்தைச் சேர்ந்ததே. எனினும் 2020-ஆம் வருஷத்துக்கு மட்டும், வருமான வரம்புக்கு உட்பட்டு, ஒருவருக்கு 10,200 டாலர் வரை விலக்கு அளிக்கப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதற்காக வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி. விளைச்சலுக்கு ஈடாயின் வருமானம்; குடும்பத் தலைக்கணக்கில் வந்த வரிவரவாயின் வருமானம் அன்று.

7. பத்திரம் தராதார் அடைந்த நஷ்டம்

இவ்விஷயத்தில் மிகுந்த வருத்தந் தருவது இப்பகுதியே. 2020-இல் 65 வயதுக்குட்பட்ட தனி நபர் ஒருவர் 12,400 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்திருப்பின், பொதுவாக வருமான வரிப் பத்திரம் தரவேண்டிய கட்டாயமில்லை. 'நமக்குத்தான் வரியே இல்லையே, பத்திரம் எதற்கு?' என்று அவர் கருதுதல் இயல்பு. ஆனால் பத்திரம் தராதவரின் விலாசமும் பாங்கிக் கணக்கும் இலாகாவினருக்குத் தெரிய வழியில்லை. முதிர்ந்தோர் பென்ஷன் முதலியவை பெறுவோருக்கு அந்த இலாகாக்களின் பதிவைக் கொண்டு பணம் சென்றது. அப்படி ஒரு பதிவிலும் இல்லாதவரோ, எவருக்காக உதவி ஏற்பட்டதோ அவராயிருந்தும், விடுபட்டுப் போனார். வரி கட்ட வேண்டாதவரும் வரவைக் கேட்பதற்காகப் பத்திரம் தரலாம் என்பதை அவர் அறியவில்லை.

வேறு சிலருக்கு அச்சிட்ட பற்று அட்டையாகத் தபாலில் பணம் வந்தது. உறையின் மேல் சர்க்கார் முத்திரை தெளிவாக இல்லாமையால், விளம்பரத் தாள் என்றெண்ணிக் குப்பையில் எறிந்தோரும் உளர்.

கேட்பதற்கும் காலவரையறை உண்டு. பத்திரம் தரவேண்டிய தேதியிலிருந்து பொதுவாக மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும். 2020-ஆம் வருஷத்துக்கு அக்கெடு 2024 மே 17. 2021-ஆம் வருஷத்துக்கு 2025 ஏப்ரல் 15. முதற் கெடு நெருங்கிய வேளையில், ஏறத்தாழ 940,000 பேர் 2020-ஆம் வருஷத்துப் பத்திரம் தராமையால் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட வரித் திருப்பம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று வருவாய் இலாகாவே அறிவித்தது. கெடு கடந்தபின் அத்தகைய தொகை சர்க்கார் பொக்கிஷத்தைச் சேர்ந்துவிடும்.

பத்திரம் தந்தும் இழந்தோர் மற்றொரு சாரார். 2021-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் 30-ஆம் வரியை வெறுமையாக விட்டோரும், பூஜ்யம் எழுதியோருமாகச் சுமார் பத்து லட்சம் பேர் உரிமை இருந்தும் கேளாதிருந்தனர் என்று இலாகாவினர் தம் பதிவுகளிலிருந்து கண்டறிந்தனர். சுமார் 240 கோடி டாலரை அவர்களுக்குத் தாமே அனுப்புவதாக 2024 டிசம்பரில் அறிவித்தனர். இவர்கள் தப்பியது, பத்திரம் ஒன்று பதிவில் இருந்தமையாலேயே. பத்திரமே தராதவருக்கு இவ்வாறு தேடிக் கொடுக்க எவராலும் இயலாது.

8. எண் இல்லாத குடும்பத்தினர்

உதவி பெறுவதற்குச் சமூகப் பாதுகாப்பு எண் என்னும் பதிவெண் அவசியமாயிருந்தது. பண்ணைக் கூலிகளில் இவ்வெண் இல்லாதோர் பலர். உத்தியோகஸ்தரைச் சார்ந்து அந்நாடு செல்லும் மனைவியரிலும், வேலை செய்ய அனுமதி பெறாதோர்க்கு இவ்வெண் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வரிக்கென மட்டும் வேறோர் எண் தரப்படும். நம் நாட்டுக் குடும்பங்கள் சிலவும் இந்நிலையில் இருந்தன. முதற் சட்டத்தின்படி, சேர்ந்து பத்திரம் தந்த தம்பதிகளில் ஒருவருக்கு அவ்வெண் இல்லையெனில், இராணுவத்தார் நீங்கலாக, இருவருக்குமே உதவி மறுக்கப்பட்டது. 2020 டிசம்பர்ச் சட்டம் இதனைப் பின்னோக்கித் திருத்தி, எண் உடையவருக்கு அவர் பங்கு உண்டு என்றது. முதலில் மறுக்கப்பட்டவர் 2020-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் கேட்டுப் பெறலாயிற்று. ஒரு முறை இல்லையென்று சொல்லப்பட்டதனால் பிறகு கேளாதிருந்தோர் அதையும் இழந்தனர். விதி இடையில் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

9. கணக்கில் நேர்ந்த பிழைகள்

30-ஆம் வரியில் தவறான தொகை எழுதியோருக்கு, இலாகாவினர் தம் பதிவின்படி திருத்தி அறிவிப்பு அனுப்பினர். 2021-இல் இத்தகைய அறிவிப்புகள் பல லட்சம் சென்றன. வரித் திருப்பமும் அதனால் தாமதப்பட்டது. முதல் தவணை எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு என்று குறித்து வையாமல், நினைவைக் கொண்டு எழுதியதும், வந்ததை வரவில்லையெனக் கேட்டதும் இதற்குப் பெருங்காரணங்கள். ஒவ்வொரு தவணைக்கும் இலாகாவினர் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தனர். அக்கடிதங்களைப் பத்திரத்துடன் ஒன்றாக வைத்திருந்தவருக்கு இத்தொல்லை நேரவில்லை. இலாகாவின் திருத்தமே தவறாயின், அறிவிப்புத் தேதியிலிருந்து அறுபது நாட்களுக்குள் எதிர்த்துக் கேட்கும் உரிமையும் உண்டு.

சுருக்கம்

இதுகாறும் கூறியவற்றுள் எக்காலத்தும் எந்நாட்டார்க்கும் உதவக்கூடியவை பின்வருமாறு:

(அ) வரவையும் கழிவையும் வேறு பிரித்தறிக. வரியில்லாதவருக்கும் வரவு ரொக்கமாகக் கிடைக்கக்கூடும்.

(ஆ) சர்க்காரிடமிருந்து வந்த ஒவ்வொரு தொகையையும், வந்த தேதி, அளவு, காரணம் ஆகிய மூன்றுடன் தனித்தனியே நோட்டில் எழுதுக. குடும்ப உதவியையும் விளைச்சல் ஈட்டையும் ஒன்றாய்க் கூட்டற்க.

(இ) செலவுச் சீட்டுகளை வருஷ முடிவு வரை அல்ல, கேட்கும் கெடு முடியும் வரை காக்க.

(ஈ) சென்ற வருஷக் கணக்கைக் கொண்டு வந்த பணத்தை இவ்வருஷக் கணக்கோடு ஒப்பிடுக. குறைந்திருப்பின் கேட்க, மிகுந்திருப்பின் திருப்ப வேண்டுமா என்று விதியைப் பார்க்க.

(உ) பிள்ளை பிறப்பு, பெற்றோரை ஆதரித்தல், மகன் தனியே வாழத் தொடங்குதல் ஆகிய மாறுதல்களைப் பத்திரத்திற் காட்டுக. 2021-இல் பிறந்த குழந்தைக்குப் பழைய பத்திரங்களைக் கொண்டு அனுப்பிய முன்பணத்தில் பங்கு வரவில்லை. அவ்வருஷத்துப் பத்திரத்திற் காட்டிய பெற்றோர் 1,400 டாலர் பெற்றனர்.

(ஊ) தர வேண்டிய கட்டாயமில்லை என்று பத்திரம் தராதிருப்பதற்குமுன், தந்தால் வரக்கூடியது உண்டா என்று விசாரிக்க.

அமெரிக்காவில் உதவித்தொகை பெரும்பாலோர்க்குத் தானாகவே வந்து சேர்ந்தது. அது வாராதவர், மிகவும் வறியவரும், கணக்கு வையாதவரும், கேட்க அஞ்சியவருமே. சர்க்கார் எத்துணை தாராளமாகச் சட்டம் இயற்றினும், பதிவில் இல்லாதவர் வீட்டுக்கு அதன் பயன் வழி தவறியே செல்லும். ஆதலின் வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு குடியானவரும் ஆண்டுக்கு ஒரு முறை தம் வரவு செலவைத் தீர்த்து எழுதி வைத்தல், விதைநெல்லைப் பத்திரப்படுத்துதலைப் போன்ற கடமையாகும். எழுத்து வாசனை இல்லாதவர் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டேனும் இதனைத் தொடங்குவாராக.